ஒரே புள்ளடி போதுமா? உள்ளூராட்சித் தேர்தலும் 1, 2, 3 வாக்கும்

2025 ஜூன் 15

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாநகர சபையில் தொடங்கிப் பிரதேச சபைவரை எங்கு பார்த்தாலும் தொங்கு சபை. தவிசாளரைத் தெரிவுசெய்ய ஆளாளுக்குப் பேரம். ஜனாதிபதித் தேர்தலில் போடுவதுபோல 1, 2, 3 என்று போட விட்டால் இந்தப் பேரம் ஒழியாதா?"

ஒழியாது. ஆனாலும் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 போடும் முறை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் வேறு.

எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் ஆசனம் இல்லாத தொங்கு சபை ஏன் வருகிறது? இலங்கை உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில், 40 வீதம் கட்சிப் பட்டியலில். யாழ். மாநகர சபைக்கு 27 வட்டாரம், 18 பட்டியல், மொத்தம் 45. சபை முழுவதிலும் ஒரு கட்சி எடுத்த வாக்கை வைத்து அதற்கு எத்தனை ஆசனம் உரித்து என்று கணக்கிடுகிறார்கள். வட்டாரத்தில் வென்றதை அதிலிருந்து கழித்து மிச்சத்தைப் பட்டியலால் நிரப்புகிறார்கள். ஆகவே 35 வீத வாக்கு எடுத்த கட்சிக்கு அதற்குக் கிட்டத்தான் ஆசனமும் வரும். 2018இல் மாநகர சபை 16, 13, 10, 3, 2, 1 என்று பிரிந்தது. 2025 மே 6இல் முதல் மூன்று கட்சிகளுக்கும் 13, 12, 10. பாதியைத் தாண்ட 23 வேண்டும். சனம் மூன்றாக நிற்கிறது, சபையும் மூன்றாக நிற்கிறது. இதில் கணக்கின் குற்றம் ஒன்றுமில்லை.

குற்றம் வாக்குச்சீட்டில் இருக்கிறது. எங்கள் கையில் ஒரே புள்ளடி, ஒரு X அடையாளம். அந்த ஒன்றுதான் வட்டார உறுப்பினரையும் தெரிவுசெய்கிறது, கட்சியின் விகிதாசாரத்தையும் கூட்டுகிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார். வெள்ளவாய்க்கால் அடைத்து வீட்டு முற்றம்வரை தண்ணீர் வந்தபோது மண்வெட்டியோடு வந்து நின்ற பொடியன் இந்தமுறை வட்டாரத்தில் கேட்டான். அவன் கேட்ட கட்சியோ, அக்கா தன் வாழ்நாளில் புள்ளடி போடமாட்டேன் என்று சொல்லிவைத்த கட்சி. "தம்பி, ஆளுக்குப் போடவோ கட்சிக்குப் போடவோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டார். இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தச் சீட்டில் வழி இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சீட்டில் ஆளின் பெயரே கிடையாது. கட்சியின் பெயர் அல்லது சுயேச்சைக் குழுவின் இலக்கம், பக்கத்தில் சின்னம், புள்ளடிக்கு ஒரு கூடு. அவ்வளவுதான். உங்கள் ஊர் உறுப்பினர் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லித்தான் வட்டாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த ஆளின் பெயர் சீட்டில் இல்லை.


2025 ஜூன் 16

"ஜனாதிபதித் தேர்தலில் போடுவதுபோல" என்று வாசகர் எழுதியதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே நடப்பது, கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக எடுக்கும் படிப்படியான நீக்கம் கிடையாது. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் ஒரேயடியாக நீக்கிவிடுகிறார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவரில் யாருக்காவது 2 அல்லது 3 இருந்தால் எடுத்துச் சேர்க்கிறார்கள். 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது 2024 செப்டெம்பரில்தான்.

அந்த எண்ணிக்கையைப் பாருங்கள். அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035. மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது 33 இலட்சத்துக்கு மேல். அந்த 33 இலட்சத்தில் மேலே இருந்த இருவருக்கும் வந்து சேர்ந்த விருப்பு 1,05,264 மற்றும் 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2 இலட்சத்து 73 ஆயிரம். நூற்றுக்கு எட்டுப் பேர்.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் நெருக்கமான விஷயம். எங்கள் மாவட்டத்தில் சஜித்துக்கு 1,21,177, சங்குச் சின்னத்தில் கேட்ட தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 1,16,688. சங்குக்குப் போட்டவர்களுக்கு இரண்டாம் விருப்பு என்று ஒரு கதவு திறந்தே இருந்தது. முதலாவதைக் கொள்கைக்குப் போடு, இரண்டாவதை ஆட்சிக்குப் போடு என்று சொல்லித் தந்தவர்கள் எத்தனை பேர்? நான் போன கூட்டங்களில் ஒருவரும் சொல்லவில்லை. சில இடங்களில் "வேறு எதையும் தொடாதே, சீட்டுப் பழுதாகிவிடும்" என்றே சொன்னார்கள். பயத்தில் ஒற்றைப் புள்ளடியோடு வந்துவிட்டார்கள்.


2025 ஜூன் 16, இரவு

விருப்பு வாக்கு என்றதும் இரண்டு பேர் பழைய முறையை நினைத்துக்கொண்டு கோபப்பட்டிருக்கிறார்கள். அது வேறு. வட்டாரம் வருவதற்கு முந்திய விகிதாசாரத்தில் ஒரு கட்சிக்குப் புள்ளடி போட்டு, அதே கட்சிக்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போட்டோம். 1க்கும் 3க்கும் அங்கே வித்தியாசம் இல்லை. மூன்றும் சம பலம். அதனால் ஒரே கட்சிக்காரர் ஒருவர் சுவரொட்டியை ஒருவர் கிழித்தார்கள், மதகடியில் கைகலப்பும் நடந்தது. நான் சொல்வது வரிசைப்படுத்துவது: முதலாமவர் இல்லையென்றால் இவர், இவரும் இல்லையென்றால் அவர். கட்சி எல்லையைத் தாண்டியும் வரிசைப்படுத்தலாம்.


2025 ஜூன் 18

நான் வாத்தியார். தேர்தல் கடமைக்குப் பல தடவை போயிருக்கிறேன். ஆகவே 1, 2, 3 போட்டால் அதை எண்ண முடியுமா என்று வந்த கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்த இடத்திலேயே எண்ணுகிறோம். மாலை நாலு மணிக்குக் கதவைச் சாத்தி, அதே வகுப்பறையில் பிள்ளைகளின் மேசைகளைச் சேர்த்துப்போட்டுப் பெட்டியைக் கவிழ்ப்போம். மடித்த சீட்டுகளை முதலில் விரித்துத் தட்டையாக்க வேண்டும். சிலர் நாலாக மடித்த பிறகு இன்னொரு மடிப்பும் மடித்திருப்பார்கள். பிறகு சின்னம் சின்னமாகக் குவித்து ஐம்பது ஐம்பதாக ரப்பர் பட்டி போட்டுக் கட்டுவது. கட்சி முகவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். புள்ளடி கூட்டுக்குள் இருக்கிறதா, கோட்டில் ஏறிவிட்டதா என்று ஒவ்வொரு சந்தேகச் சீட்டுக்கும் கால் மணித்தியாலம் வாக்குவாதம். மின்விசிறியைப் போட்டால் சீட்டுப் பறக்கும், நிறுத்தினால் வேர்த்து ஊற்றும். வெளியில் சனம் வாசலில் காத்திருக்கும்.

இந்த மேசையில் 1, 2, 3 எண்ண முடியுமா? ஒரு வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் என்றால் தாராளமாக முடியும். 1 எழுதியதை வைத்துக் குவி. பாதிக்கு மேல் யாருக்கும் இல்லையென்றால் மிகச் சிறிய குவியலை எடுத்து 2 யாருக்கு என்று பார்த்துப் பிரித்துப் போடு. கூடுதலாக ஒரு மணித்தியாலம், அல்லது இரண்டு. ஒரு வட்டாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலையம் இருந்தால் எல்லாப் பெட்டியையும் ஒரு இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். யாரை நீக்குவது என்று முழு வட்டாரத்தின் கணக்கும் தெரிந்தால்தான் சொல்லலாம். பெரிய மாற்றம் அவ்வளவுதான். அயர்லாந்தில் இதைவிடச் சிக்கலான கணக்கை இன்றும் கையால்தான் எண்ணுகிறார்கள்; சில தொகுதிகளில் நாள்கணக்கில் போகும், சனம் பொறுத்துக்கொள்கிறது.

கணக்குத் தெரியாத சனம் என்று சொல்பவர்களுக்கு: அவர்கள் கணக்குப் போடத் தேவையில்லை. வரிசை சொன்னால் போதும். சந்தையில் பாரை இல்லையென்றால் விளைமீன், விளைமீனும் இல்லையென்றால் சூடை என்று சொல்லி அனுப்பத் தெரியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை.


2025 ஜூன் 22

"வாக்கைச் சிதறடிக்காதீர்கள்." ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்த வசனம். இதற்குள் இருக்கும் பயத்தைப் பற்றித்தான் நான் உண்மையில் பேச வந்தேன்.

ஒரு வட்டாரத்தில் ஆயிரம் வாக்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சின்னத்துக்கு 340, சைக்கிள் சின்னத்துக்கு 310, ஊர் சுயேச்சைக் குழுவுக்கு 200, இன்னொரு கட்சிக்கு 150. இன்றைய முறையில் 340 வென்றுவிடும். மிச்சம் 660 பேரும் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த 660 பேருக்கும் வீடு இரண்டாவது விருப்பமாக இருந்திருக்கலாம். அறவே வேண்டாததாகவும் இருந்திருக்கலாம். சீட்டு அதைப் பதிவு செய்யவில்லை.

சுயேச்சைக்குப் போட விரும்பிய இன்னும் நூறு பேர் "அவன் எப்படியும் வெல்லமாட்டான், வாக்கு வீண்" என்று பெரிய கட்சிக்குப் போட்டிருப்பார்கள். ஊரில் நல்ல வேலை செய்பவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டு மறுமுறை ஒதுங்கிப்போவதற்கு இந்த வீண் வாக்குப் பயம்தான் காரணம். வரிசை வாக்கு வந்தால் சுயேச்சைக்கு 1 போட்டு, பயப்படும் கட்சிக்கு எதிரான கட்சிக்கு 2 போடலாம். ஒன்றும் சிதறாது.

அப்புறம் வேட்பாளர் நடத்தையும் மாறும். இப்போது எதிர்க்கட்சிக் கொடி கட்டிய வீட்டு வாசலை ஒரு வேட்பாளரும் மிதிப்பதில்லை. 2 தேவைப்பட்டால் மிதித்தே ஆக வேண்டும். மிதிக்கப் போகிறவன் மேடையில் அந்த வீட்டுக்காரனைத் துரோகி என்று சொல்லமாட்டான். எங்கள் அரசியலில் அந்தச் சொல் எத்தனை வீடுகளில் ஒப்பாரியாக முடிந்தது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. 1998இல் ஒரே ஆண்டில் யாழ்ப்பாணத்தின் இரண்டு மேயர்கள் கொல்லப்பட்டார்கள்.


2025 ஜூன் 29

எங்கள் சனசமூக நிலையத்தில் தலைவர் தெரிவு. வழக்கமாகக் கை உயர்த்துவதுதான். கை உயர்த்தினால் யாருக்கு உயர்த்தவில்லை என்பதும் தெரிந்துவிடும், அதனால் ஆண்டு முழுக்க மனக்கசப்பு. இந்தமுறை சீட்டில் 1, 2, 3 போட்டுப் பார்ப்போம் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

மூன்று பேர் போட்டி: ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், இளைஞர் கழகத்துப் பொடியன், சந்திக் கடைக்கார அண்ணை. 61 சீட்டு. கொப்பித் தாளைக் கிழித்து, மூன்று பெயரும் எழுதி, பக்கத்தில் கூடு கீறிக் கொடுத்தோம். பத்திரிகை வாசிக்கும் நீட்டு மேசையில் குவித்தோம். பேப்பர் பறக்காமல் வைக்கும் கற்களே குவியலுக்கும் பாரம்.

அதிபர் 24, பொடியன் 21, கடைக்கார அண்ணை 16. யாருக்கும் 31 இல்லை. அண்ணையை நீக்கி அவருடைய 16ஐயும் பிரித்தோம். 10 பொடியனுக்கு, 5 அதிபருக்கு, ஒன்றில் இரண்டாவது இல்லை. பொடியன் 31, அதிபர் 29. பொடியன் தலைவர்.

அதிபர் எழுந்து கைகொடுத்தார். ஆனால் அவருடைய பக்கத்து ஐயா ஒருவர் விடவில்லை. "முதலாவதாக வந்தவரைத் தோற்கடிக்கிற கணக்கு என்ன கணக்கு?" என்று கேட்டார். 61 பேரில் 37 பேர் அதிபரை முதலாவதாகக் கேட்கவில்லையே ஐயா என்று விளக்கினேன். முகம் தெளியவில்லை. இது எங்கும் வரும் கேள்வி. முதல் எண்ணிக்கையில் முன்னுக்கு நின்றவர் வென்றவர்தான் என்று எங்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.


2025 ஜூலை 2

அந்தச் சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி பிரித்துப் பார்த்தேன். என் மனம் கொஞ்சம் ஆடிப்போனது.

கடைக்கார அண்ணையும் அதிபரும் மட்டும் நேருக்கு நேர் நின்றிருந்தால்? பொடியனுக்கு 1 போட்ட 21 பேரில் 18 பேர் அண்ணைக்கு 2 போட்டிருக்கிறார்கள். அண்ணை 34, அதிபர் 27. அண்ணையும் பொடியனும் நின்றிருந்தால்? அதிபரின் 24 பேரில் 19 பேர் அண்ணைக்கு. அண்ணை 35, பொடியன் 23. ஆக இருவரையும் தனித்தனியே வெல்லக்கூடிய ஆளைத்தான் முதலாவதாக நீக்கியிருக்கிறோம். அவர் யாருக்கும் வேண்டாதவர் இல்லை. எல்லோருக்கும் இரண்டாவதாக வேண்டியவர்.

அமெரிக்காவில் வெர்மொண்ட் மாநிலத்தின் பேர்லிங்டன் நகரில் 2009 மேயர் தேர்தலில் இதே சங்கதி நடந்தது. நேருக்கு நேர் எவரையும் வெல்லக்கூடியவர் மூன்றாம் இடத்தில் நின்றதால் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டே நகரம் அந்த முறையைக் கைவிட்டது. பிற்காலத்தில் மீண்டும் எடுத்துக்கொண்டது.

இதனால் வரிசை வாக்கே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இன்றைய ஒற்றைப் புள்ளடி முறையிலும் அண்ணை கடைசிதான், அவர் எல்லோருக்கும் ஏற்றவர் என்ற செய்தியே வெளியில் வந்திருக்காது. ஆனால் ஒரு ஆசனத்துக்கு ஒருவரைப் பொறுக்கும் இடத்தில் படிப்படியாக நீக்குவது மட்டும் போதாது என்று இப்போது தோன்றுகிறது. சீட்டில் வரிசை இருந்தால் நேருக்கு நேர் கணக்கும் பார்க்கலாம். எல்லோரையும் வெல்லும் ஒருவர் இருந்தால் அவரையே எடுக்கலாம்.


2025 ஜூலை 3

"பிடித்த எல்லோருக்கும் புள்ளடி போட விட்டால் என்ன?" என்று ஒருவர். அதுவும் உள்ள முறைதான். வட டகோட்டாவின் ஃபார்கோ நகரம் 2018இல் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டு 2020 முதல் நடத்தியது. 2025இல் மாநில சட்டசபை அதைத் தடை செய்துவிட்டது. எங்களுக்குப் பழகிய புள்ளடியே போதும், எண்ணுவதும் லேசு, கடைக்கார அண்ணைகள் வெல்வார்கள். ஆனால் "எங்களுக்கு மட்டும் போடு, வேறு கூட்டைத் தொடாதே" என்று கட்சிகள் சொல்லும், சனமும் கேட்கும். அப்போது பழையபடி ஒற்றைப் புள்ளடிதான்.


2025 ஜூலை 6

ஒஸ்லோவில் இருக்கும் மச்சான் இதை வாசித்துவிட்டு அழைத்தார். நோர்வேயில் நகரசபைத் தேர்தலில் மூன்று ஆண்டு அங்கே வதிந்தாலே வாக்கு உண்டாம், குடியுரிமை தேவையில்லை. ஒரு கட்சியின் பட்டியலை எடுத்து, அதில் பிடித்த ஆட்களுக்குப் பக்கத்தில் குறியிடலாம். மற்றக் கட்சிப் பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரையும் அதில் சேர்க்கலாம். எங்கள் பிள்ளைகள் அங்கே கட்சி பேதமில்லாமல் தமிழ்ப் பெயர்களுக்குக் குறியிட்டுத்தான் நகரசபைக்குள் போனார்கள் என்கிறார் மச்சான். கம்ஷாஜினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஒழுங்கை அக்காவுக்கு இந்த முறை சரியாகப் பொருந்தும். கட்சிக்கு ஒன்று, வாய்க்காலுக்கு வந்த பொடியனுக்கு ஒன்று.


2025 ஜூலை 13

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வட்டாரத்துக்கு ஒரே உறுப்பினர் என்று வைத்துக்கொண்டு 1, 2, 3 போடுவது பாதி வழிதான். மீதி வழி, ஒரு வட்டாரத்துக்கு நாலைந்து உறுப்பினர். மாற்றத்தக்க தனி வாக்கு என்று பள்ளிக்கூடத்தில் குடியியலில் படித்தோமே, எஸ்.டி.வி., அதுதான். எங்களுக்குப் புதிதும் இல்லை. சுதந்திர இலங்கையின் முதல் யாப்பான சோல்பரி யாப்பின் கீழ் இருந்த செனட் சபையில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை இந்த முறையில்தான் தெரிவுசெய்தது.

ஐந்து ஆசன வட்டாரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தவர் தெரிவாகிவிடுவார். அவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்கு வீணாகாது, அடுத்த விருப்புக்குப் போகும். கடைசியில் நிற்பவர் நீக்கப்படுவார், அவருடைய வாக்கும் அடுத்ததுக்குப் போகும். ஐந்து பேர் நிரம்பும்வரை இப்படியே. பட்டியல் வேண்டாம். உரித்தைவிடக் கூடுதலாக வட்டாரம் வென்றால் சபையின் பருமன் வீங்குகிற இன்றைய தொல்லையும் வராது. புதிய முறை வந்தபோது நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர் தொகை 4,500 அளவிலிருந்து 8,000க்கு மேல் போனதை மறந்துவிடக் கூடாது.

எங்கே பயன்பட்டது என்று கேட்டால் நான் முதலில் வட அயர்லாந்தைத்தான் சொல்வேன். டெரி நகரில் கத்தோலிக்கர் பெரும்பான்மை. ஆனால் வட்டார எல்லைகளை வளைத்துக் கீறிச் சிறுபான்மையான யூனியனிஸ்டுகள் (பிரித்தானியாவோடு இருக்க விரும்பியவர்கள்) பல தசாப்தங்கள் நகரசபையை வைத்திருந்தார்கள். அந்த மாநகர சபை கலைக்கப்பட்டது. 1973 முதல் உள்ளூராட்சித் தேர்தல் முழுவதும் எஸ்.டி.வி. ஸ்கொட்லாந்தில் 2003இல் கிளாஸ்கோவில் பாதிக்கும் குறைவான வாக்கோடு தொழிற்கட்சி 79இல் 71 ஆசனம் எடுத்தது. 2007இல் மூன்று நாலு உறுப்பினர் வட்டாரத்துக்கு மாறினார்கள், அந்த ஏகபோகம் உடைந்தது. நியூசிலாந்தில் வெலிங்டன் நகரமும் 2004 முதல் இப்படித்தான்.

யாழ்ப்பாணத்துக்கு இது ஏன் தேவை என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் ஒரு குறிச்சிக்கும் அடுத்த குறிச்சிக்கும் நடுவே சாதி இருக்கிறது. வட்டார எல்லை எந்த ஒழுங்கையால் போகிறது என்பதைப் பொறுத்து ஒரு குறிச்சி தனக்கென ஒரு உறுப்பினரைப் பெறும், அல்லது இரண்டு வட்டாரத்துக்குள் பிளந்து ஒன்றுமில்லாமல் போகும். எல்லை கீறுகிறவர் கையில் அந்தச் சனத்தின் குரல் இருக்கிறது. ஐந்து உறுப்பினர் வட்டாரத்தில் ஆறில் ஒரு பங்கு சேர்ந்து நின்றால் போதும், எல்லை எப்படி வளைந்தாலும் ஒருவர் வருவார். 1990 ஒக்டோபரில் துரத்தப்பட்டுத் திரும்பிவந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதுதான் பாதுகாப்பு. சோனகத் தெருப் பக்கம் குடியேறியவர்களும், வீடு கட்ட முடியாமல் அதே பெரிய வட்டாரத்தின் வேறு மூலைகளில் வாடகைக்கு இருப்பவர்களும் ஒரே வேட்பாளருக்கு 1 போடலாம்.


2025 ஜூலை 14

பெண்கள் ஒதுக்கீடு என்னவாகும் என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. இன்று 25 வீதம் சட்டத்தில் உண்டு. ஆனால் வட்டார நியமனத்தில் பெண்களுக்குப் பத்து வீதமும் பட்டியலில் ஐம்பது வீதமும் என்று வைத்ததால் கட்சிகள் பெண்களைப் பட்டியலுக்கு ஒதுக்கிவிட்டன. பட்டியலை எடுத்தால் அந்தக் கதவும் மூடும். ஐந்து பேர் வட்டாரத்தில் ஒரு ஆசனம் பெண்ணுக்கு என்று சட்டத்திலேயே எழுதலாம். எண்ணும்போது கடைசி ஆசனம் வரைக்கும் பெண் யாரும் தெரிவாகாவிட்டால் மீதமுள்ள ஆண்களை நீக்கிவிட்டுத் தொடர வேண்டியதுதான். வட்டாரத்துக்கு ஒன்று என்றால் 20 வீதம்தான் வருகிறது, 25க்குப் போதாது. சில வட்டாரங்களில் இரண்டு வேண்டும்.


2025 ஜூலை 20

கோண்டாவில் வாசகர் மறுபடி வந்திருக்கிறார்: "எல்லாம் சரி, தவிசாளர் பேரம்?"

சபைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலைமைப் பதவிக்கு மூன்று பேர் முன்மொழியப்பட்டு யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், குறைந்த வாக்கு எடுத்தவரை நீக்கிவிட்டு மறுபடி வாக்கெடுக்கிறார்கள். சமமென்றால் திருவுளச்சீட்டு. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒரு தலைவரைப் பொறுக்கும்போது "என் முதலாமவர் இல்லையென்றால் இவர்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதே உறுப்பினரை அனுப்பும் எங்களுக்கு அது கிடையாது. இந்த அநியாயம் எனக்கு ஆறவே இல்லை.

பேரம் நடக்கட்டும். மூன்று கட்சி இருக்கும் சபையில் பேசித்தான் ஆள வேண்டும். 2020இல் மாநகர சபையில் வரவு செலவுத் திட்டம் தோற்று மேயர் பதவி காலியாகி, டிசம்பர் 30இல் 21க்கு 20 என்று புதியவர் தெரிவானார். ஒரு வாக்கு வித்தியாசம். அந்தக் கூட்டு முதல் நாள் இரவுதான் எங்களுக்குத் தெரியவந்தது. வரிசை வாக்கு இருந்தால் யார் யாரோடு சேர்வார்கள் என்பது தேர்தலுக்கு முன்பே வெளியில் வரும். "எங்களுக்கு 1, அவர்களுக்கு 2" என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்துக் கேட்டாக வேண்டும். பிடிக்காவிட்டால் நாங்கள் அந்த 2ஐப் போடாமல் விடலாம்.


2025 ஆகஸ்ட் 2

நல்லூரில் கொடியேறிவிட்டது. சனம் வீதியில், நானும் பின்னேரங்களில் அங்கேதான். ஆனால் கூட வேலைசெய்த ஒருவர் வடக்கு வீதியில் மறித்துச் சொன்ன ஒரு விஷயம் மூன்று நாளாக மனதைக் குடைகிறது. "மாற்று முறை மாற்று முறை என்று எழுதுகிறாய். மாகாண சபைக்கு என்ன நடந்தது?"

உண்மை. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணயம் செய்ய வேண்டும் என்றார்கள். அந்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. இன்றுவரை தேர்தல் இல்லை. உள்ளூராட்சியிலும் 2023 மார்ச் தேர்தலைப் பணமில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் சபைகளில் கேள்வி கேட்க ஒரு உறுப்பினரும் இருக்கவில்லை. எங்கள் பக்கம் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்த காலம்.

ஆகவே முறையை மாற்று என்று நாம் கேட்பதே தேர்தலைத் தள்ளிப்போட ஒரு சாட்டாகிவிடக் கூடும். இந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு மேற்கொண்டு எழுத எனக்கு மனமில்லை.


2025 ஆகஸ்ட் 9

ஒரு வாரம் யோசித்ததன் முடிவு: எல்லை கீறத் தேவையில்லாததை மட்டும் கேட்போம்.

வாக்குச்சீட்டில் வட்டார வேட்பாளரின் பெயரை அச்சிடுவதற்கு எல்லை நிர்ணயம் வேண்டாம். இருக்கிற வட்டாரத்திலேயே புள்ளடிக்குப் பதில் 1, 2, 3 போட விடுவதற்கும் வேண்டாம். விகிதாசாரக் கணக்கை 1 போட்டதை வைத்து இன்றுபோலவே செய்யலாம். புள்ளடி மட்டும் போட்டால் அதை 1 என்று எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வயதானவர்களின் சீட்டுகள் அநியாயமாகக் கழியும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் மூன்று இலட்சம் சீட்டு நிராகரிக்கப்பட்டதை மனதில் வைத்துச் சொல்கிறேன். சட்டத்தில் ஒரு வாசகமும் கட்டாயம் இருக்க வேண்டும்: புதிய ஏற்பாடு தயாராகாவிட்டால் தேர்தல் பழைய முறையில் குறித்த திகதியில் நடக்கும்.

ஐந்து உறுப்பினர் வட்டாரத்துக்கும் புதிதாகக் கோடு கீறத் தேவையில்லை என்று நேற்றிரவுதான் பிடிபட்டது. மாநகர சபையில் 27 வட்டாரம். மூன்று மூன்றாகச் சேர்த்தால் ஒன்பது. ஒன்பதை ஐந்தால் பெருக்கினால் 45, இன்றுள்ள அதே உறுப்பினர் தொகை. இருக்கும் கோடுகளில் சிலவற்றை அழிப்பது மட்டும்தான் வேலை. மாவட்டத்தின் மற்ற 16 சபைகளுக்கும் இவ்வளவு அழகாகப் பிரியாது; சிலதில் நாலும் ஐந்துமாகக் கலக்க வேண்டும், நெடுந்தீவு போன்ற சின்னச் சபையை இரண்டு மூன்று துண்டுக்கு மேல் பிரிக்க முடியாது.


2025 ஆகஸ்ட் 10

குருநகரிலிருந்து ஒரு அண்ணை: "எங்களைக் கொண்டுபோய் மேட்டுப் பக்கத்தோடு சேர்த்தால் கடற்கரை ஆட்கள் அடிபட்டுப் போவோம்."

அண்ணை, எந்த மூன்றைச் சேர்ப்பது என்பதுதான் இனிப் பேச வேண்டியது. குருநகர், பாசையூர், கொழும்புத்துறைப் பக்கத்தைக் கரை நெடுக ஒன்றாகச் சேர்த்தால் ஐந்து பேரும் கடல்தொழில் தெரிந்தவர்களாக வரக்கூடும். கரையோடு ஒரு உள்வட்டாரத்தையும் சேர்த்தால் மூன்று பேராவது வருவார்கள், ஆனால் மற்ற இருவரும் உங்கள் 2க்காக இறங்குதுறைக்கு வந்து கேட்பார்கள். எனக்கு இரண்டாவதில்தான் விருப்பம். உங்கள் பக்கத்துச் சங்கத்தில் பேசிவிட்டு எழுதுங்கள். வட்டார வரைபடம் வைத்திருப்பவர்கள் தங்கள் மூன்றையும் குறித்துப் போடுங்கள். ஞாயிறு பின்னேரம் எங்கள் சனசமூக நிலையத்து நீட்டு மேசையில் விரித்துப் பார்ப்போம், யாரும் வரலாம்.